எந்தக் கர்நாடகத்தைப் பார்த்துட்டு வந்தீங்க?

"கர்நாடகா போயிட்டு வந்தோம் சார், அங்க இயற்கை விவசாயம் அருமையா நடக்குது" என்று சொல்கிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்தக் கர்நாடகா?

கிண்டலுக்குக் கேட்பதில்லை. வங்கி வேலையில் அந்த மாநிலத்தில் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன். சிர்சிப் பக்கம் ஒரு கிளை, கோலார் பக்கம் ஒன்று, கடைசியாக விஜயபுரம் மாவட்டத்தில் ஒன்று. மூன்று ஊரிலும் பெயர்ப் பலகை கன்னடத்தில்தான் இருக்கும். மற்றபடி சோறு, கூரை, மாடு, பண்டிகை எதுவும் ஒன்றில்லை. பேச்சுகூட ஒன்றில்லை. சிர்சியில் பழகின கன்னடத்தை வைத்துக்கொண்டு விஜயபுரம் சந்தையில் கத்திரிக்காய் வாங்க நான் பட்ட பாடு தனிக்கதை.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கரிசல் வட்டாரத்திலிருந்து ஒரு குழு சிர்சி போய் பாக்குத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தது. வந்ததிலிருந்து இரண்டு பேர் போர் போட்டு பாக்கும் மிளகும் வைக்கணும் என்கிறார்கள். ஒருத்தர் நகைக்கடனுக்கே போய்விட்டார். இன்னொருத்தர் ஐந்து ஏக்கர் பருத்திக்காட்டுக்கும் முக்கால் அடி மூடாக்கு போடப் போகிறாராம். மூடாக்குக்குத் தழை எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "வாங்கிக்கலாம் சார்" என்றார். நல்ல மனுஷர், உழைப்பாளி. அவரை மனதில் வைத்துத்தான் இந்த மாதப் பாடம்.

முதலில் கொஞ்சம் பூகோளம். கர்நாடகத்தின் பரப்பு 1,91,791 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டைவிடப் பெரிசு. 1956 நவம்பர் 1 அன்று ஒன்று சேர்ந்த மாநிலம் அது. பழைய மைசூர் அரசு, பம்பாய் மாகாணத்துக் கன்னட மாவட்டங்கள், ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த பகுதி, சென்னை மாகாணத்தின் தென் கன்னடம், குடகு எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய கர்நாடகம். அந்தப் பெயரே 1973-ல்தான் வந்தது. ஆண்டவர்கள் வேறு என்பதால் நிலவரி, நில உரிமை, பதிவேடு எல்லாம் வேறுவேறாக இருந்தன. ஆனால் அதைவிடப் பெரிய பிரிவை மேற்குத் தொடர்ச்சி மலை செய்து வைத்திருக்கிறது. மலை உச்சியில் இருக்கும் ஆகும்பேயில் வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே போய்விடலாம். அங்கே 500 மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருஷம்.

சிர்சி ஆகும்பே அளவு இல்லை என்றாலும் மழைக்குக் குறைவில்லாத ஊர். மலைநாட்டில் நம்ம ஊர் மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்காது. ஒவ்வொரு வீடும் அவரவர் தோட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும். சாய்வான ஓட்டுக் கூரை. வீட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கில் பாக்குத் தோட்டம், மேலே சரிவில் காடு. தோட்டத்துக்குள் மிளகுக்கொடி, ஏலம், வாழை. காலடியில் மெத்தை மாதிரி தழை. நம்மாளுங்க போட்டோ எடுப்பது இந்த இடத்தைத்தான்.

போட்டோவில் விழாதது மேலே இருக்கிற காடு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சொப்பின பெட்டா', அதாவது தழைக் குன்று. சிர்சி இருக்கிற உத்தர கன்னட மாவட்டம் பிரிட்டிஷ் காலத்தில் பம்பாய் மாகாணத்தில் இருந்தது. அப்போது ஒரு ஏக்கர் பாக்குத் தோட்டத்துக்கு 9 ஏக்கர் வரைக்கும் காட்டை, தழை எடுக்கிற உரிமையோடு ஒதுக்கினார்கள். நிலம் சர்க்காருடையது, தழை தோட்டக்காரருடையது. கிளை கழித்து, மாட்டுக்கொட்டிலில் பரப்பி, சாணி மூத்திரத்தோடு மிதிபட்டு உரமானதும் தோட்டத்துக்குப் போகும். பச்சைத் தழை நேராகவும் போகும். தென் கன்னடத்தில் இதே ஏற்பாட்டுக்கு 'கும்கி' என்று பெயர், குடகில் 'பாணே'. விவரங்கள் மாறும், கணக்கு ஒன்றுதான்: ஒரு ஏக்கர் தோட்டம் சாப்பிட, பல ஏக்கர் காடு வேண்டும்.

மாடும் அதற்கேற்ற மாடு. மலநாட் கிட்டா என்கிற குட்டை இனம், இடுப்பு உயரம்தான் வரும். அடைமழையில் காட்டுக்குள் சரிவில் ஏறி மேய்ந்துவிட்டு வீடு திரும்பும். ஒன்றிரண்டு லிட்டர் பாலுக்காக அதை வைத்திருப்பதில்லை, சாணிக்காக வைத்திருக்கிறார்கள்.

கடனுக்கு மனு வந்தால் நாங்கள் மதிப்புப் போட்டது அந்த ஒரு ஏக்கருக்கு மட்டும். ஒன்பது ஏக்கர் காகிதத்தில் விவசாயியின் சொத்து இல்லையே! ஆனால் உண்மையில் தோட்டத்தின் முதலீடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அதை அளவோடு கழித்தவர் தோட்டமும், மொட்டையடித்தவர் தோட்டமும் பத்து வருஷத்தில் எப்படி ஆகும் என்று எந்த வங்கிப் படிவமும் கேட்டதில்லை. மொட்டையான பெட்டாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோட்டக்காரர்கள் தழையை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். "வாங்கிக்கலாம் சார்" என்ற நண்பர் இதைக் கவனிக்கணும்.

கோலார் வேறு உலகம். செம்மண், பாறைக்குன்று, ஏரி. வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. நமக்கு வருகிற பாலாறும் தென்பெண்ணையும் அந்தப் பக்கத்து நந்தி மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் தண்ணீர் தங்குவதில்லை, அதனால் ஏரி ஏரியாக வெட்டி வைத்தார்கள். இன்றைக்கு அங்கே ஆயிரம் அடி தாண்டிய போர்கள் சாதாரணம். சாப்பாடு ராகிக் களி, கீரைச் சாறு. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் வீட்டுச் சாப்பாடே அதுதான்.

அங்கே நான் கற்றுக்கொண்ட நல்ல பாடம் 'அக்கடி'. ராகி விதைக்கும்போது சில சாலுக்கு ஒரு சால் விட்டு, அதில் அவரை, துவரை, சோளம், கடுகு, பேயெள் என்று கலந்து போடுவார்கள். ஓரத்தில் ஆமணக்கு. கடுகு சீக்கிரம் வந்துவிடும். பேயெள் பூவுக்குத் தேனீ வரும். நவம்பர், டிசம்பரில் ராகி அறுத்த பிறகு காட்டில் அவரை நிற்கும், அதற்குப் பனியே போதும். துவரையும் ஆமணக்கும் கடைசி. மழை எந்த மாதம் ஏமாற்றினாலும் ஏதோ ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். மாட்டுக்கு ராகித்தாள், மனுஷனுக்குப் பருப்பு, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் ஒரே காட்டிலிருந்து. ராகியைப் பூமிக்குள் குழி வெட்டி வருஷக்கணக்கில் சேமிப்பார்கள், பூச்சி தொடாது. 'ஹகேவு' என்பார்கள்.

கடன் படிவத்தில் 'பயிரின் பெயர்' என்று ஒரே ஒரு கோடு. ஏழு பயிர் நிற்கிற காட்டுக்கு 'ராகி' என்று எழுதிக்கொள்வோம். கடன் அளவும் தனி ராகிக்குத்தான். மீதி ஆறும் கணக்கிலேயே இல்லாதவை. பின்னால் தனி ராகி, அப்புறம் போர், அப்புறம் தக்காளி என்று அந்தக் காடுகள் மாறியதற்கு இந்த ஒற்றைக் கோடும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

விஜயபுரம்தான் எங்கள் கரிசல்காரர்கள் பார்க்க வேண்டிய ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண், மரம் குறைவு. வீடு கல்சுவர், மண் தட்டிய மொட்டைக் கூரை. மழை 600 மில்லிமீட்டர் சுற்றி, அதில் பெரும்பங்கு செப்டம்பரில். முன்மழையில் விதைக்காமல், காட்டை பலமுறை கிளறி ஈரம் வாங்க வைப்பார்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் மாடு கட்டிய விதைப்புக் கருவியால் ஆழத்தில் சோளம் போடுவார்கள். பெரும்பாலும் மாலதண்டி ரகம். அதற்குப் பிறகு மழை வரலாம், வராமலும் போகலாம். மண்ணுக்குள் இருக்கிற ஈரத்திலேயே பயிர் வளர்ந்து தை, மாசியில் அறுவடைக்கு வரும். டோணி என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. அது பெருகி ஓடின வருஷம் தெருவெல்லாம் சோளம் என்று ஊரில் சொலவடை.

அங்கே மூடாக்கு உண்டா? உண்டு, ஆனால் தழை இல்லை, புழுதி. கரிசல் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். பயிர் வரிசைக்கு நடுவே பட்டைக் கத்தி வைத்த கருவியை மாட்டால் இழுத்து, ஒரு பருவத்தில் இரண்டு மூன்று தடவை மேல்மண்ணைப் புழுதியாக்கி வெடிப்பை மூடுவார்கள். களையும் போகும், ஈரமும் நிற்கும். சோளத்தட்டையைக் காட்டில் பரப்ப மாட்டார்கள், அது மாட்டுத் தீவனம். அந்தக் கனமான மண்ணை இழுக்கிற மாடு என்ன சாதாரண மாடா? கில்லாரி, கிருஷ்ணா பள்ளத்தாக்கு என்று பெரிய இனங்கள். மலநாட் கிட்டாவை இங்கே ஏரில் பூட்ட முடியாது, இந்த மாட்டைச் சிர்சிச் சரிவில் மேய்க்க முடியாது. ஓரத்தில் குசும்பா போடுவார்கள். அதில் முள் இருப்பதால் ஆடு மாடு உள்ளே வராது, எண்ணெயும் கிடைக்கும்.

இந்த வித்தியாசம் எல்லாம் பண்டிகையில் அப்படியே தெரியும். மண்ணைப் பெண்ணாகப் பார்க்கிற வழக்கம் கர்நாடகம் முழுக்க உண்டு, ஆனால் நாள் வேறு. கடலோரத்துத் துளு நாட்டில் பிப்ரவரி இரண்டாம் வார வாக்கில் 'கெட்டசா' என்று மூன்று நாள் பூமிக்கு மாதவிலக்கு. ஏர் பூட்ட மாட்டார்கள், மண்ணைத் தோண்ட மாட்டார்கள். அறுப்பு முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் சமயம் அது. மலைநாட்டில் அக்டோபர் பௌர்ணமியில் 'பூமி ஹுண்ணிமே'. நெல் சூல் கட்டியிருக்கும், பல கீரை சேர்த்து ராத்திரி முழுக்கச் சமைத்து, விடிவதற்குள் வயலில் இறைத்துவிட்டு வருவார்கள். கர்ப்பிணிக்குப் போடுகிற சோறு அது. விஜயபுரம், கலபுரகிப் பக்கம் அதே வளைகாப்பு டிசம்பர், ஜனவரியில் 'எள் அமாவாசை' அன்று. ஏன்? அங்கே சோளம் அப்போதுதான் கதிர் பிடிக்கும். ஒரு ஊரில் பண்டிகை எப்போது என்று கேட்டாலே பயிர் எந்த மழையை நம்பி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓரிடத்து வழக்கத்தைத் தூக்கி இன்னோரிடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. துங்கபத்திரா அணை 1953-ல் முடிந்தது. அதன் இடது கால்வாய் ராய்ச்சூர்ப் பக்கத்துக் கரிசலுக்கு அளவான பாசனம் தருவதற்காகத் திட்டமிட்டது. சோளம், பருத்தி, கடலைக்குத் துணைத் தண்ணீர், அவ்வளவுதான். ஆந்திரக் கடலோரத்திலிருந்து நெல் சாகுபடி தெரிந்தவர்கள் நிலம் வாங்கி வந்து குடியேறினார்கள். இன்றும் பல ஊர்ப் பெயர் 'கேம்ப்' என்றே முடியும். அவர்கள் திறமைசாலிகள், நெல் நன்றாகவே விளைந்தது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போவது குறைந்தது. வடிகால் இல்லாத கரிசலில் தண்ணீர் தேங்கி, நிறைய நிலம் உவர் பூத்தது. பாக்கும் இப்போது மலையிறங்கிவிட்டது. சன்னகிரிப் பக்கம் பத்ரா கால்வாய்த் தண்ணீரில், சித்ரதுர்கா, துமகூருவில் போர்த் தண்ணீரில். பின்னாலே பெட்டா இல்லாத பாக்கு அது. விலை இருக்கிற வரை வண்டி ஓடும்.

ஆகவே, சுற்றுலா போகிற நண்பர்களே, போகாதீங்க என்று சொல்லவில்லை. உங்க ஊருக்குச் சோடி ஊர் எது என்று பார்த்துப் போங்க. குமரி, செங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் சிர்சி போகலாம். மழைக்காலத்தில் போனால் வடிகால் வாய்க்கால் ஏன் அவ்வளவு ஆழம் என்று தெரியும். தோட்டத்தைப் பார்த்ததும் "உங்க பெட்டாவைக் காட்டுங்க" என்று கேளுங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குக் கோலார், ராகி அறுக்கிற நவம்பரில். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைக்காரர்கள் எங்களோடு விஜயபுரம் வாங்க. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில், அவர்களுக்கு அதற்கு முன்னால். அந்த ஒரு மாத வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அவர்கள் புழுதி மூடாக்கை நம்ம சோளக்காட்டிலும் பருத்தியிலும் ஒரு ஏக்கரில் செய்து பார்க்கலாம். போரும் வேண்டாம், நகைக்கடனும் வேண்டாம்.

போகிற நாளை எள் அமாவாசையை ஒட்டி வையுங்க. அன்றைக்குக் கம்பு ரொட்டியும், பல பருப்பும் கீரையும் சேர்த்த பஜ்ஜியும் கட்டிக்கொண்டு வீட்டோடு காட்டுக்குப் போய்விடுவார்கள், வரப்பில் போகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். நம்ம எண்ணெய்ச் சட்டிப் பஜ்ஜியை நினைத்துக்கொண்டு போகாதீங்க, அது கூட்டு மாதிரி இருக்கும்.