விதைக்கு முன் ஒரு நோட்டு: கம்மாபுரத்தில் கூட்டுத் தோட்டம்

கூட்டுத் தோட்டம் போடலாம் என்று பேச்செடுத்ததுமே ஆட்கள் விதைக் கடைக்கு ஓடுவார்கள். நான் முதலில் வாங்கச் சொல்வது கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று. பூச்சியையும் வறட்சியையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். ‘தண்ணி விட்டது நான், பறிச்சிட்டுப் போனது அவ’ என்று கிளம்பும் சண்டைக்கு மட்டும் மருந்து கிடையாது.

அடுத்த மாநிலத்தைப் பாருங்கள். 1998இல் கேரளத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்தில் பெண்கள் குழுவாகக் குத்தகை நிலம் பிடித்துப் பயிர் செய்கிறார்கள். ஒரு குழுவில் 4 முதல் 10 பேர்தான். பொருளியல் அறிஞர் பினா அகர்வால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குழுக்கள் தனிக் குடும்பப் பண்ணைகளைவிடக் கூடுதலாக விளைவித்தது தெரியவந்தது. அதே ஆய்வில் தெலங்கானாக் குழுக்கள் விளைச்சலில் பின்தங்கின. ஆனால் கூலிச் செலவு மிச்சமானதால் நிகர வருமானத்தில் ஈடுகொடுத்தன. நம் ஊரிலும், தெருவே திரண்டு வந்தாலும் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். மீதிப் பேர் இரண்டாவது குழுவாகட்டும்.

இடம் தேடும்போது ஏரி, வாய்க்கால் புறம்போக்கு சும்மா கிடக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று என்றைக்கு வேண்டுமானாலும் அகற்றிவிடுவார்கள். ஊராட்சி இடம் என்றால் கிராம சபைத் தீர்மானம் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. தனியார் நிலம் என்றால், எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுவார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் 11 மாத ஒப்பந்தம் இரு தரப்புக்கும் தோது. ஆடியில் தொடங்கினால் அதற்குள் கீரை, வெண்டை, கொத்தவரை எல்லாம் எடுத்துவிடலாம். பி.கே.எம்-1 முருங்கைகூட ஆறு மாதத்தில் காய்த்துவிடும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய கேள்வி. பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம். நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே நிலக்கரி வெட்ட முடியும். ஆகவே கார்த்திகையில் பொங்கி வரும் போர்வெல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். சித்திரை, வைகாசியில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நீரையும் மண்ணையும் பரிசோதிப்பது பற்றி விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்தால் பயனில்லை. பல இடங்களில் ‘வி’ வடிவில் அரையடிக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுக்க வேண்டும்.

இனி நோட்டு. தேதி, வந்தவர், எத்தனை மணி நேரம், பறித்த எடை, யார் எடுத்துப் போனது, விற்ற காசு. இந்த ஆறு பத்தி போதும். அன்றைக்கே எழுதி, பக்கத்து ஆளிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பங்கு, உழைத்த மணிக்கணக்கில். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் வராதவருக்குக் கொண்டாட்டம்.

முறை போடும்போது அவரவர் பிழைப்பைப் பாருங்கள். செராமிக் கம்பெனிக்குக் காலையில் போகிறவருக்கு மாலைத் தண்ணீர், முந்திரி உடைக்கப் போகிறவருக்கு ஞாயிறு களையெடுப்பு. தண்ணீர் முறையைவிடப் பறிப்பு முறைதான் முக்கியம். விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கும் வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். சந்தையில் சீந்த ஆள் இருக்காது. ஓரத்தில் சிறுகீரையும் தூவி வையுங்கள். 25 நாளில் வீட்டுக்கு ஒரு கட்டு போனால்தான் அடுத்த வாரமும் ஆள் வரும்.

ஆட்டுக்குக் கிளுவை வேலி. மயிலுக்கு வலைதான், மயிலைத் தொட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பூச்சிக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு, இடித்து ஓர் இரவு ஊற வைத்து வடிகட்டியது.

விலகுகிறவருக்கான விதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வேலை கிடைத்தோ, கல்யாணமாகியோ யாராவது போகத்தான் போகிறார்கள். போட்ட முன்பணம் அந்தப் போகம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். உழைத்த மணிக்கான பங்கு அதுவரை உண்டு. அவருடைய இடத்துக்கு யாரைச் சேர்ப்பது என்று மீதிப் பேர் கூடி முடிவெடுப்பார்கள். இதற்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டபிறகு விதைக் கடைக்குப் போகலாம்.