பழைய விண்டோஸை அகற்றுமுன் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றது. அதையொட்டித் தேக்காவிலும் மற்ற வட்டாரங்களிலும் கடை நடத்தும் நம்மவர்கள் தங்கள் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றி வருகிறார்கள். மாற்றியவுடன் 'சி' டிரைவில் இடம் குறைந்து சிவப்புக் கோடு தென்படுவதுண்டு. அதைக் கண்டு பதறி, கைக்கு வந்ததையெல்லாம் அழிப்பது கூடாது. விஷயம் இன்னதென்று முதலில் அறிந்து கொள்வோம்.

புதுச் சரக்கு வந்ததும் பழையதை வெளியே எறியாமல் கிட்டங்கியின் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்போமல்லவா? கணினியும் அவ்வாறே செய்கிறது. பழைய விண்டோஸை 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் உறையில் கட்டி வைக்கிறது. இது 10 ஜிபிக்கு மேலும் இடம் பிடிக்கும். புதியது ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்பும் வழி இதுவே. அதற்குத் தவணை 10 நாள். அதன்பின் கணினி தானாகவே இதை அழித்துவிடும்.

ஆகவே இந்தப் பத்து நாளும் சோதனைக் காலம். கணக்கு மென்பொருள் திறக்கிறதா, ரசீது அச்சாகிறதா, பார்கோடு கருவி வேலை செய்கிறதா, பழைய வருடத்துப் பேரேடு முழுமையாய் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். மாற்றும்போது எதையும் வைத்துக்கொள்ள வேண்டாமென்று தெரிவு செய்திருந்தால், நம் சொந்தக் கோப்புகள் அந்தப் பழைய உறைக்குள்ளேதான் இருக்கும். தவணைக்குள் அவற்றை வெளியே எடுத்துக்கொள்வது அவசியம்.

அடுத்து, கணக்குகளைத் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. வியாபாரக் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்பது சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. கணினி மாறியதால் அழிந்தது என்று சொல்வது அதற்குப் பதிலாகாது.

இவ்வளவும் முடிந்தபின் இடத்தை மீட்கலாம். 'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'ஸ்டோரேஜ்', அதில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று செல்க. அங்கே 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதற்கு மட்டும் குறியிட்டு அகற்றுக. அதன்பின் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். சரக்கு அனுப்புவோரின் பட்டியல், வங்கிக் கணக்குத்தாள் போன்றவை பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கும். அதைக் குறியிட்டால் அவையும் போய்விடும். குப்பைத் தொட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டே காலி செய்க. 'விண்டோஸ்' உறைக்குள் கைவைத்து எதையும் அழிக்க வேண்டாம். கணினி எழும்பாமலே போகலாம். இலவசமாய்ச் சுத்தம் செய்து தருவதாய் விளம்பரம் செய்யும் அறிமுகமற்ற மென்பொருள்களையும் ஏற்ற வேண்டாம்.

பிறர் நமக்குத் தரவேண்டியதும், நாம் பிறர்க்குத் தரவேண்டியதும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. கடைப் பையன் கையில் இவ்வேலையை விடுமுன், எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.