தாழ்ப்பாளைத் திறக்கும் குதிரை

கேள்வி: அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்கி, பழைய மாட்டுக்கொட்டகையில் கட்டியிருக்கிறோம். தாழ்ப்பாளை வாயாலேயே திறந்துவிடுகிறது. கதவு விளிம்பையும் கடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: குதிரையின் மேலுதடு கிட்டத்தட்ட விரல் மாதிரி. சாதாரணத் தாழ்ப்பாள் அதற்கு விளையாட்டுச் சாமான்தான். கதவின் வெளிப்பக்கம், அடியில் இன்னொன்று போடுங்கள். உதடு அங்கே எட்டாது, உதைத்தாலும் கீழ்ப்பலகை அசையாது. கடிபடும் விளிம்புக்கு ஜி.ஐ. ஆங்கிள் அடித்து, வெட்டிய முனைகளை அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வெல்டர் செய்யமாட்டார்! ஒன்று: மரம் கடிப்பது பெரும்பாலும் சலிப்பாலும் புல் போதாமலும்தான். ஆங்கிள் அதைத் தீர்க்காது.

எனக்குக் கவலை இடமும் தரையும். குதிரைக்கு 12க்கு 12 அடி வேண்டும், கதவு 4 அடி அகலம். சிமென்ட் தரையில் ரப்பர் விரிப்பு நல்லது. ஆனால் அவ்வப்போது தூக்கிக் கழுவாவிட்டால் அடியில் மூத்திரம் தேங்கும், அம்மோனியா நெடி நுரையீரலைக் கெடுக்கும். வாரம் ஒருமுறை சுவரையும் கதவையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணிமையைக் கிழிப்பவை துருத்திய ஆணியும் திறந்த வாளிக் கொக்கியும்தான். கொக்கி வேண்டுமென்றால் வாய் மூடும் வகையாக வாங்கி, முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டுங்கள்.