நாளொன்றுக்கு ஓர் ஏக்கர் காடு

கத்தி, பூட்டு, ஆணி என நாம் கையாளும் பொருள்களுள் எத்தனையோ இரும்பாலானவை. நிலக்கரியும் நீராவி இயந்திரமும் பரவுவதற்கு முன்னர் இரும்பை உருக்க வெப்பத்தைக் காடும், காற்றைச் செலுத்தும் வலுவை ஓடும் நீரும் கொடுத்தன. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஹோப்வெல் இரும்பாலை இதற்கு ஒரு சான்றாகும்.

1771 ஆம் ஆண்டில் மார்க் பேர்ட் என்பவர் பிரெஞ்ச் கிறீக் ஓடையருகே இதனை நிறுவினார். இரும்புத்தாது, சுண்ணக்கல், வன்மரக் காடு, நீர் ஆகிய நான்கும் அங்கே அருகருகே கிடைத்தன. சுதந்திரப் போர்க்காலத்தில் பீரங்கிகளும் குண்டுகளும் இங்கு வார்க்கப்பட்டன; பின்னர் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் அடுப்புகள் வார்க்கப்பட்டன.

விறகை அப்படியே எரித்தால் என்ன? விறகில் நீர்த்தன்மை உண்டு. கரியோ பெரும்பாலும் காபன். அதனால் மிகுந்த வெப்பம் தரும். கரி எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயு, தாதுவிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்து இரும்பைப் பிரிக்கும். சுண்ணக்கல் மாசுகளுடன் சேர்ந்து கசடாக மேலே மிதக்கும். நீர்ச்சில்லு சுழன்று காற்றூதும் பொறியை இயக்க, உலை இரவு பகலாக எரிந்தது. உருகிய இரும்பு மணலில் வெட்டிய வாய்க்கால்களில் பாய்ந்து கட்டியாயிற்று.

இவ்வேலைகளுள் பொறுமை மிக வேண்டியது கரி சுடுதலே. விறகை வட்டமாக அடுக்கி, இலையாலும் மண்ணாலும் மூடி, மெல்லப் புகையவிடுவர். மூட்டத்தில் துளை விழுந்து காற்றுப் புகுந்தால் தீ மூண்டு விறகு சாம்பலாகிவிடும். ஆகவே கரி சுடுபவர் காட்டிலேயே குடிசையமைத்து, நாள் கணக்காக இரவிலும் விழித்திருந்து காவல் காத்தார்.

இத்தனை உழைப்பிற்கும் அப்பால் காடு கொடுத்த விலை பெரியது. உலை எரிந்த ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஓர் ஏக்கர் காட்டின் மரங்கள் கரியாயின. ஒரு நாளில் வெட்டிய காடு மீண்டும் வளரப் பல்லாண்டுகள் சென்றன. நிலக்கரியையும் அதிலிருந்து பெறும் கற்கரியையும் எரித்த பெரிய ஆலைகள் மலிவாக இரும்பு தந்தபோது, ஹோப்வெல்லால் போட்டியிட முடியவில்லை. 1883 இல் அதன் உலை இறுதியாக அணைந்தது. 1938 இல் அவ்விடம் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது.

இன்று ஆலையைச் சுற்றிக் காடு மீண்டும் அடர்ந்துள்ளது. மரங்களிடையே காணப்படும் சமதரையான வட்டங்கள், கரிமூட்டங்கள் இருந்த இடங்களாகும். கோடரி ஓய்ந்தமையால் அக்காடு தழைத்தது. ஆயினும் இரும்பின் தேவை ஓயவில்லை. அதன் சுமை காட்டிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்திற்கு மாறியது. ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது அதற்காக எது எரிந்தது என்று வினவுவதும் கல்வியே.