அகல டயர் போட்டால் கார் ரோட்டைக் கவ்வுமா?

சென்னையிலிருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. ஒரு வழி புதுச்சேரிக்கு, ஒன்று திருவண்ணாமலைக்கு, இன்னொன்று விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும். இந்தச் சாலையில் போகும் சில செடான்களில் பின் சக்கரம் மட்டும் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முன்னால் ஒரு அகலம், பின்னால் அதைவிட அதிகம். ‘ஸ்டாகர்டு’ என்று டயர் கடைகளில் சொல்வது இதைத்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால், “பி.எம்.டபிள்யூ.வே அப்படித்தானே தருது” என்பார்கள். தருவது உண்மைதான். திண்டிவனத்துக்கு வடக்கே, இதே சாலையில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையில் 3 சீரிஸ் பூட்டப்படுகிறது. அந்தக் காரின் 18 அங்குலத் தொகுப்புகளில் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 என்று ஒரு ஜோடி உண்டு. ஆனால் அதில் என்ஜினின் இழுவை பின் சக்கரத்துக்குப் போகிறது. உந்தித் தள்ளுகிற சக்கரத்துக்கு அகலம் தேவைப்படுகிறது, கொடுத்திருக்கிறார்கள்.

டிசையர், சியாஸ், ஹோண்டா சிட்டி, வெர்னா, ஸ்லேவியா எல்லாமே முன் சக்கர இழுவைக் கார்கள். ஏறக்குறைய 60 சதவீத எடை முன்னால். இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன் டயரின் வேலை. பின் டயர் கூடவே உருண்டு வருகிறது, அவ்வளவுதான். அதற்கு மட்டும் அகலம் கூட்டினால், காய்ந்த ரோட்டில் வளைவைச் சற்று வேகமாக எடுக்கும்போது முன்பக்கம் முதலில் பிடி இழக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் கார் நேரே போகப் பார்க்கும். முன்பின் டயர்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே சீராகத் தேய வைக்கும் வழியும் அடைபடும்.

அடுத்த நம்பிக்கை: அகலம் கூடினால் ரோட்டில் பதியும் பரப்பு கூடும். டயர் ரோட்டில் பதியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதன் மேல் இறங்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ, உள்ளே 32 பி.எஸ்.ஐ. என்றால் தடம் ஏறக்குறைய 130 சதுர செ.மீ.; ஒரு அஞ்சலட்டை அளவு. டயரை அகலப்படுத்தினால் அந்த அட்டை பெரிதாவதில்லை, குறுக்காகத் திரும்பிப் படுக்கிறது. வளைவில் காய்ந்த ரோட்டில் இதனால் கொஞ்சம் லாபம் உண்டு, மறுக்க வேண்டாம். மழையில்தான் சங்கடம்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அரசூர் அருகே வெள்ளம் ஏறி, சென்னை - திருச்சி சாலையில் போக்குவரத்தே நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளை விடுங்கள். சாதாரண ஐப்பசி மழைக்கே பாலத்து இறக்கங்களில் தண்ணீர் தேங்கும். டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் போனால், டயர் ரோட்டைத் தொடாமல் நீரின் மேல் மிதந்து போகும்.

எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கு நாசா பொறியாளர் வால்டர் ஹோர்ன் 1960-களில் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தார். வெள்ளம் நிற்கும் பாதையில் தேய்ந்த டயருக்கு, 32 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்குச் சுமார் 94 கி.மீ.; 24 பி.எஸ்.ஐ. என்றால் 82 கி.மீ. தடத்தின் அகல - நீள விகிதத்தையும் பின்னாளில் அவர் கணக்கில் சேர்த்தார். தடம் நீளம் குறைந்து அகலம் கூடினால் சீக்கிரமே மிதக்கும். எடை குறைந்த பின்பக்கத்தில் அகல டயரை மாட்டும்போது சரியாக அந்தத் தடம்தான் கிடைக்கிறது. காய்ந்த ரோட்டில் முன்பக்கம் வழுக்கும் அதே கார், நனைந்த ரோட்டில் பின்பக்கத்தை வீசக்கூடும். இந்த வட்டாரத்தில் ஸ்டாகர்டு வேண்டாம் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. மழைக்காலத்துக்கு அதுவே மிகக் குறைவு.

ரிம் பெரிதானால் டயரும் உயரமாகும் என்று நினைப்பவர்கள் சியாஸைப் பார்க்கலாம். அதன் 15 அங்குல ரிம்முக்கு 185/65 ஆர்15, 16 அங்குலத்துக்கு 195/55 ஆர்16. முதல் எண் மி.மீ.யில் அகலம், இரண்டாவது, பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, மூன்றாவது ரிம்மின் அங்குலம். 185-இல் 65 சதவீதம் 120.25. அதை இரட்டித்து, 15 அங்குலத்துக்குரிய 381-ஐச் சேர்த்தால் 621.5 மி.மீ. இரண்டாவது டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 620.9. அங்குலம் கூடியும் மொத்த விட்டத்தில் ஒரு மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. அதே காருக்கு 17 அங்குலம் வேண்டுமென்றால் 205/45 ஆர்17 (616.3), 215/45 ஆர்17 (625.3) இரண்டும் கணக்குக்குள் வரும். 215/55 ஆர்17 என்றால் 668 மி.மீ.யைத் தாண்டிவிடும். ஏழு சதவீதத்துக்கு மேல் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். மேலே சொன்ன 3 சீரிஸ் ஜோடியிலும் முன்பின் விட்ட வித்தியாசம் 1.5 மி.மீ.தான். ஏ.பி.எஸ். நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டு வேலை செய்வதால், அகலம் மாறினாலும் விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

“விட்டம் ஒத்துப்போனால் போதும்” என்று கடையில் சொன்னால் நம்பிவிட வேண்டாம். அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்பது போல் ஓர் எண் பொறித்திருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 205/45 ஆர்17 டயரில் 84 என்றிருந்தால் 500 கிலோதான். அதே அளவில் கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்.எல். வகை 88-ஆகக் கிடைக்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக மேல்மலையனூருக்குப் போகிற குடும்பக் காருக்கு இந்த 60 கிலோ வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

ரிம்மின் ஆஃப்செட்டும் அப்படித்தான்; ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே அது. 6 அங்குல அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 8 அங்குலம், 35 ஆஃப்செட் ரிம் போட்டால் வெளிவிளிம்பு 35 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 15 மி.மீ. சஸ்பென்ஷன் பக்கம் நகரும். காலி வண்டியில் எதுவும் தெரியாது. ஆளை நிரப்பி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு ஸ்பீடு பிரேக்கரை ஏறி இறங்கினால் உரசல் கேட்கும். மட்கார்டு உட்புற பிளாஸ்டிக்கில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கும்.

பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 92-க்கு இறங்கினால் குழியின் அடி நேரே ரிம்முக்குப் போகும். நான்குவழிப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்த விக்கிரவாண்டி - பண்ருட்டி பாதையில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் கவனிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அந்த மாடலின் மேல்வகைக்குக் கம்பெனியே தரும் ரிம்மும் டயரும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவாக வாங்குவதுதான் சிக்கலில்லாத வழி. அதில் இன்னொரு வசதியும் உண்டு. விட்டம் ஒத்திருப்பதால் டிக்கியில் கிடக்கும் பழைய ஸ்டெப்னி அடுத்த பஞ்சர் கடை வரை எந்தப் பக்கத்துக்கும் உதவும். பின்னால் மட்டும் அபூர்வ அளவில் டயர் போட்டவர், அது வெடித்தால் அதே அளவைத் தேடிச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.