சர்வர் விழுந்தால் எது கைகொடுக்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையில் தாமிரபரணி கரைபுரண்டபோது கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பல ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. டேட்டாபேஸ் கிளஸ்டர் கற்க விரும்பும் நெல்லைக்காரர்கள் அந்த நாட்களை நினைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்று சர்வர் வைத்தாலும் வெள்ளத்துக்கு அது ஒன்றுதான்.

முதலில் போஸ்ட்கிரெஸ் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன்: பிரைமரி என்னும் முதன்மை சர்வரில் எழுதுவதை ஸ்டாண்ட்பை என்னும் மாற்று சர்வருக்கு உடனுக்குடன் நகலெடுப்பது. 2010-இல் வந்த 9.0 பதிப்பு முதல் இருக்கிறது. பிரைமரி விழுந்தால் ஸ்டாண்ட்பையை நாமே கையால் பிரைமரி ஆக்க வேண்டும். இரவில் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தால், பாளையங்கோட்டையில் ஒரு சிறு மருத்துவமனைக்கு இதுவே போதும். ஸ்டாண்ட்பை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கப் பழகாதவர்கள் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது, அந்த மாற்றத்தைத் தானாகவே செய்யும் பேட்ரோனி. யார் பிரைமரி என்பதற்கான பூட்டு, இடிசிடி என்னும் பகிர்ந்த சேமிப்பில் இருக்கும். வழக்கமான அமைப்பில் அதன் ஆயுள் 30 விநாடி. புதுப்பிக்காவிட்டால் பூட்டு காலாவதியாகும், தகுதியான ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கும். லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின் போட்டு, விநாடிக்கு ஒரு வரிசை எழுதும் சிறு ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் புராசஸை மட்டும் கொன்றால் பேட்ரோனி பெரும்பாலும் அதே மெஷினிலேயே மறுபடி எழுப்பப் பார்க்கும். ஃபெயில்ஓவரை, அதாவது பொறுப்பு கைமாறுவதைக் காண மெஷினையே அணைக்க வேண்டும். பிறகு எழுதிய வரிசைகளை எண்ணுங்கள். அசிங்க்ரனஸ் அமைப்பு (ஸ்டாண்ட்பையின் பதிலுக்குக் காத்திராதது) என்றால் கடைசிச் சில வரிசைகள் காணாமல் போயிருக்கலாம். அந்த இழப்பைக் கண்ணால் பார்ப்பதுதான் உண்மையான படிப்பு.

இழப்பே கூடாது என்று சிங்க்ரனஸுக்கு மாறினால், ஒவ்வொரு கமிட்டும் மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்கும். ஸ்டாண்ட்பை சென்னையில் இருந்தால் அந்தத் தாமதம் கூடும்.

மரியாடிபியோடு இயங்கும் கலேரா கிளஸ்டரில் எல்லா நோடிலும் (சர்வரிலும்) எழுதலாம். கவர்ச்சிதான். ஆனால் மிக மெதுவான நோடின் வேகத்துக்கு எல்லாமே இறங்கிவிடும், ஒரே வரிசையை ஒரே நேரத்தில் இருவர் மாற்றினால் ஒருவருடைய டிரான்ஸாக்‌ஷன் ரத்தாகும். தொடக்கக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

எதை எடுத்தாலும், தானாக மாறும் அமைப்பில் யார் பிரைமரி என்று முடிவுசெய்யக் குறைந்தது மூன்று ஓட்டு வேண்டும். இரண்டே நோட் இருந்து நடுவில் கேபிள் அறுந்தால், இரண்டும் தன்னையே பிரைமரி என்று நினைத்து எழுதத் தொடங்கும் ஆபத்து உண்டு. பிரிந்த தரவைச் சேர்ப்பது பெரும்பாடு.

மும்பையிலோ ஹைதராபாத்திலோ கிளவுடில் மல்டி-ஏஇசட் (வெவ்வேறு தரவு மையங்களில் பிரதி வைப்பது) எடுத்தால் ஃபெயில்ஓவரை அவர்களே பார்ப்பார்கள், மாதக் கட்டணம் கூடும். ஆனால் இங்கே இணையம் போனால் பில் கவுன்டர் நிற்கும். அதற்கு இரண்டாவது இணைப்பு தேவை.

என் பரிந்துரை: மாற்றிவிட ஆள் இருந்தால், உள்ளூரில் பிரைமரி, வேறு ஊரில் அசிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை, கையால் மாற்றம். ஆள் இல்லையென்றால் கிளவுட். வேலைக்காகக் கற்பவர்கள் பேட்ரோனியை எடுங்கள். எதுவானாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒருமுறை பிரைமரியை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.