எம்-புக்கை அன்றே எழுதுங்கள்

கீழ்பென்னாத்தூர் மாதிரி ஓர் ஒன்றியத்தில் புதிதாகச் சேரும் பொறியாளர் முதல் வாரத்திலேயே எம்-புக் (அளவுப் புத்தகம்) பற்றி இதைக் கேட்டுவிடுவார்: "வேலை முடியட்டும் சார், எல்லாத்தையும் சேர்த்து எழுதிக்கலாம்." ஏரிக் கலங்கல் பழுதோ, தெருவுக்கு சிமெண்ட் சாலையோ, சொல்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் கேட்காதீர்கள்.

2024 டிசம்பரைத் திருவண்ணாமலை மாவட்டம் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம், செப்டம்பரில் திறந்தது, மூன்றே மாதத்தில் வெள்ளத்தோடு போனது. கட்டியது சரியில்லை என்றது ஒரு தரப்பு; கணக்கிட்டதைவிடப் பல மடங்கு வெள்ளம் என்றது அரசு. அந்த வாதம் நமக்கு வேண்டாம். இப்படிக் கேள்வி எழும் நாளில் பாலம் ஆற்றோடு போயிருக்கும். பேச மிச்சமிருப்பவை நீரியல் கணக்கு, கான்கிரீட் க்யூப் சோதனைப் பதிவேடு, எம்-புக் ஆகியவைதான்.

1872-ன் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. பெயர் மாறினாலும் பழைய விதி ஒன்று அப்படியே தொடர்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவர், வேலை நடந்தபோதோ நினைவு மங்கும் முன்போ தானே எழுதிய குறிப்பைப் பார்த்துப் பதில் சொல்லலாம். ஆறு மாதம் கழித்துச் சேர்த்தெழுதியதற்கு அந்த மதிப்பு கிடைப்பது கடினம். எதிர்த்தரப்பு கேட்டால் குறிப்பைக் காட்டவேண்டும், அதை வைத்தே குறுக்கு விசாரணையும் செய்வார்கள். சைட் டைரியில் கிண்டலும் கோபமும் வேண்டாம் என்பது இதனால்தான்.

"கம்பி வேலை மோசம்" என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். "12 மி.மீ. கம்பி, வரைபடத்தில் இடைவெளி 150 மி.மீ., அளந்தபோது 200, காலை 10.40-க்கு மேஸ்திரியிடம் சொல்லி கான்கிரீட்டை நிறுத்தினேன்" என்றால் அது பதிவு.

நம் அலுவலகத் தமிழுக்கு ஒரு நோய் உண்டு: 'பட்டது'. "சரிபார்க்கப்பட்டது", "அறிவுறுத்தப்பட்டது", "ஆய்வு செய்யப்பட்டது". யார் சரிபார்த்தார்? யாருக்கு யார் அறிவுறுத்தினார்? பொறுப்பைக் கரைக்க இதைவிட நல்ல கரைப்பான் கிடையாது. ஆனால் வழக்கு வந்தால் கடைசியில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் அது விடியும். "நான் அளந்தேன்", "நான் சொன்னேன்" என்று எழுதக் கூச்சம் வேண்டாம். இயக்கக் கையேடு எழுதுபவர்களுக்கும் இதே கவனம் தேவை. "வால்வை மூடலாம்" என்பதும் "மூடவேண்டும்" என்பதும் ஒன்றல்ல. விபத்து நடந்தபின் வக்கீல் அந்த ஒரு விகுதியைத்தான் பிடிப்பார்.

பிழை வந்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. ஒயிட்னர் கூடாது. எண்ணிட்ட பக்கத்தைக் கிழிக்கவே கூடாது.

இப்போது பாதி வேலை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. "ஓகே சார், போடுங்க" என்ற குரல்பதிவுகூட உத்தரவாகிவிடுகிறது. மின்னணுப் பதிவை நகலாகத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறது. போன் தொலைந்து ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சினால் திண்டாட்டம்தான். வாய்மொழி உத்தரவு வந்தால் அன்று மாலையே கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி உறுதி கேளுங்கள்.

கேள்வி எழ வழக்கு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஊர்க்காரர் ஒருவர் பதிவேட்டைப் பார்ப்பதோடு, நடக்கும் வேலையை ஆய்வு செய்யவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி கேட்கவும் முடியும்.

மாறுதல் ஆணை வந்த நாளில் எம்-புக்கை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எத்தனை புத்தகம், என்னென்ன எண், எந்தப் பக்கம் வரை எழுதியது, எந்த பில் பாக்கி என்று பட்டியல் போட்டு, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பட்டியலின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.